அரைப்புள்ளியும் வேதவாசிப்பும்

இறையியல் மாணவர் எழுதும் அருளுரைகளைத் திருத்துவோர்க்கு ஒன்று எளிதில் புலப்படும். காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் மாணவர் அறிவர். அரைப்புள்ளியைக் கண்டால் தயங்குகின்றனர். சிலர் அதனை அடியோடு விட்டுவிடுகின்றனர். சிலர் வாக்கியம் நீண்ட இடமெல்லாம் தூவி வைக்கின்றனர். ஆங்கில இலக்கண விதியைக் கொண்டு இதனைக் கற்பிப்பதில் பயன் குறைவு. தமிழ் வாக்கியத்தின் இயல்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

தமிழில் வினையெச்சங்கள் எத்தனை அடுக்கி வரினும் வாக்கியம் முடிவதில்லை. ‘மலையில் மழை பெய்து, அமராவதி அணை நிரம்பி, கால்வாயில் நீர் வந்தது’ என எழுதினால் காற்புள்ளியே போதும். ‘மழை பெய்தது, அணை நிரம்பிற்று, கால்வாயில் நீர் வந்தது’ என எழுதினால் வினைமுற்றுகள் மூன்று. ஒவ்வொன்றும் தனித்து நிற்க வல்லது. எனினும் ஒன்றன் பயனாக மற்றொன்று நிகழ்ந்தது. இவ்வுறவைக் காட்டுவதே அரைப்புள்ளியின் பணி. ஆகவே மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டே: புள்ளிக்கு முன் பயனிலை முற்றுப்பெற்றதா? பின்வரும் கூற்று முன்னதைச் சார்ந்து நிற்கிறதா? உள்ளே காற்புள்ளி பெற்ற நீண்ட பட்டியல்களைப் பகுக்கவும் இக்குறி உதவும். அதில் இடர்ப்பாடு இல்லை.

பயிற்சிக்கு 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பழைய திருப்புதலில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே இரண்டு கூற்றுகளுக்கிடையே நிற்பது அரைப்புள்ளி. அதனை நீக்கி முற்றுப்புள்ளி இட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தொடர்பற்ற இரு செய்திகளாகிவிடும். ‘ஆகையால்’ என்று சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். விசுவாச அறிக்கை தருக்கமாக மாறிவிடும். எபிரெயக் கவிதையின் இணைவரி அமைப்பைத் தமிழில் தாங்கி நிற்க இக்குறியைவிடத் தகுந்தது வேறில்லை.

நம் முன்னோரின் ஓலைச்சுவடிகளில் இக்குறிகள் இல்லை. சொற்களை எவ்வாறு கொண்டு பொருள் காண்பது என்பதற்கு நன்னூலார் எட்டு வகைப் பொருள்கோளை வகுத்தார். எஞ்சியதை உரையாசிரியர் பார்த்துக்கொண்டனர். அச்சு வந்தபின் நிலைமை மாறியது. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாக வழங்கச் செய்தவர் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) போற்றப்படுகிறார். பீட்டர் பெர்சிவல் ஐயரின் திருமறை மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவரும் அவரே. சைவத்துக்காக நம் மிஷனெரிமாரோடு வாதிட்டவரிடம் நாம் பட்ட கடன் இது, மறப்பது நன்றன்று.

கிரேக்கம் பயில்வோர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அரைப்புள்ளி வடிவில் காணப்படுவது வினாக்குறி. நம் அரைப்புள்ளிக்கு நிகராக அங்கே வருவது வரிக்கு மேலே இட்ட ஒற்றைப்புள்ளி. இவற்றை மயங்கினால் வினா கூற்றாகிவிடும். மேலும், மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் முறையான நிறுத்தக்குறிகள் இல்லை. இன்று நாம் காண்பவை பதிப்பாசிரியர் தீர்ப்புகளே. ரோமர் 9:5இல் கிறிஸ்துவைக் குறித்த சொற்றொடருக்குப்பின் முற்றுப்புள்ளி இட்டால், அதனையடுத்து வருவது பிதாவாகிய தேவனுக்குரிய துதியாகும். காற்புள்ளி இட்டால் கிறிஸ்துவே தேவன் எனப்படுகிறார். 1952இல் முழுமையாக வெளிவந்த ஆங்கிலத் திருத்திய திருப்புதல் முன்னதைக் கொண்டது. அதன் வழிவந்த 1989ஆம் ஆண்டுத் திருப்புதல் பின்னதற்கு மாறியது. பழைய தமிழ்த் திருப்புதலும் பின்னதன் பக்கமே நிற்கிறது. ஒரு புள்ளியின்மேல் இத்துணைப் பாரம்!

வாசிப்பிலும் இதே கவனம் வேண்டும். திருப்பூரில் இரவு ஷிப்டு முடித்து நேரே ஆராதனைக்கு வந்தமரும் தொழிலாளிக்கு வேதபாடம் செவி வழியாகவே சேர்கிறது. வாசிப்பவர் நிறுத்தும் இடமே அவருக்குப் புள்ளி. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு எனப் பள்ளி இலக்கணம் கற்பிக்கும் அளவு இதற்குப் போதும். சனிக்கிழமை மாலையே மறுநாளைய பகுதியை உரக்க வாசித்து, இரண்டு மாத்திரை நிற்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளும்படி மாணவரைப் பழக்குதல் நலம்.