வலி போன பிறகும் ஒரு நாள் வாருங்கள்



சென்ற இதழில் பல் பிரிவுக்கு வேண்டிய பொருட்களின் பட்டியலை வெளியிட்டிருந்தோம். அதில் ‘கேப் செய்யும் செலவு’ என்ற வரியைப் பார்த்துவிட்டு ஒரு சகோதரி எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். கெட்டுப்போன பல்லைப் பிடுங்கிவிட்டால் செலவும் குறைவு, வேலையும் ஒரே நாளில் முடியும். ஏழை ஜனங்களுக்கான ஆஸ்பத்திரியில் பல்லுக்குக் கேப் போடுவது அவசியமா என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். நீங்கள் சிறுகச் சேர்த்து அனுப்பும் பணம் எதற்குப் போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே இந்த இதழில் அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு தாயார் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வலியோடு வந்தார்கள். பல்லுக்குள் இருந்த அழுகிய நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து, வேர்ச் சிகிச்சை செய்து, மேலே அடைத்து அனுப்பினோம். அதைத்தான் ஜனங்கள் ரூட் கேனால் என்கிறார்கள். வலி அடியோடு போய்விட்டது. “அப்புறம் கேப் போட வாங்க” என்று வாயால் சொன்னோம். சீட்டில் எழுதிக் கொடுத்ததோ ஆங்கிலத்தில்! சில மாதங்கள் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது அந்தப் பல் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. வறுத்த கடலையைக் கடித்தபோது ‘டக்’ என்று சத்தம் கேட்டதாம். பிளவு வேர் வரை இறங்கிவிட்டதால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, “வலிதான் போயிடுச்சே டாக்டரம்மா, இன்னொரு நாள் கூலிய எதுக்கு விடணும்?” என்றார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கேப் எதற்கு என்று நாங்கள்தான் விளங்கச் சொல்லவில்லை. வேர்ச் சிகிச்சைக்கு நாங்கள் செலவிட்ட நேரமும், நீங்கள் கொடுத்த பணமும், அவர்கள் இழந்த கூலியும் அந்தப் பல்லோடு போயின.

பல் ஏன் பிளக்கிறது? வேர்ச் சிகிச்சை செய்த பல் காய்ந்து உளுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. சொத்தை ஏற்கெனவே பல்லின் ஒரு பகுதியைத் தின்றிருக்கும். நரம்பை எடுக்க நாங்களும் மேலே ஒரு வழி திறக்க வேண்டும். மிஞ்சுவது நாலு பக்கச் சுவர்களே. கடைவாய்ப் பல்லின் மேல் மேடுகள் உண்டு. கடிக்கும்போது எதிர்ப் பல்லின் மேடு இந்தச் சுவர்களுக்கு நடுவே இறங்கி, விறகில் ஆப்பு அடித்ததுபோல் அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது. தினமும் தள்ளினால் ஏதோ ஒரு நாள் பிளக்கும்.

கேப் என்பது பல்லின் மேல் முழுவதுமாகக் கவிழ்க்கும் உறை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குச் சுற்றிலும் இரும்புப் பட்டை அடிப்பார்களே, மரத்துண்டுகள் விலகாமல் இருக்க, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அந்தப் பட்டை பிடித்து நிற்க ஈறுக்கு மேல் சுமார் 2 மில்லிமீட்டர் உயரமாவது நல்ல பல் சுற்றிலும் இருக்க வேண்டும். அதுவும் இல்லாத பல்லுக்குக் கேப் போட்டுப் பயனில்லை. அப்படிப்பட்ட பல்லை நாங்களும் பிடுங்கத்தான் செய்கிறோம். அதேபோல் சிறிய துவாரம் மட்டுமே உள்ள முன்பல்லுக்குப் பெரும்பாலும் அடைப்பே போதும். அழகுக்காக நல்ல பற்களைச் சீவிக் கேப் போடச் சொல்லி வருகிறவர்களை, அவர்கள் பணம் கட்டத் தயாராக இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுகிறோம். சீவின பல் மறுபடி வளராது.

பிடுங்கினால் செலவு குறைவு என்பது அன்றைய கணக்கு மட்டுமே. ஒரு கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாய்கிறது, எதிர்ப் பல் கீழே இறங்குகிறது. மெல்லும் வேலை முழுவதும் மறுபக்கத்துக்குப் போகிறது. பிறகு அந்த இடத்தில் பாலம் கட்டுவதுபோல் பல் வைக்க வேண்டுமானால் இரண்டு பக்கத்திலும் உள்ள நல்ல பற்களைச் சீவ வேண்டும். ஒரு கேப்புக்குப் பதிலாக மூன்று கேப் செய்யும் வேலை அது.

கேப் போட ஏன் இரண்டு முறை வரவேண்டும் என்பதையும் சொல்கிறோம். முதல் நாள், உயிருள்ள பல்லானால் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் மேலேயும் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை சீவுகிறோம். உறையின் தடிப்புக்கு இடம் வேண்டுமல்லவா? பிறகு அளவு எடுக்கிறோம். சீவின பல்லுக்கு சிலிக்கோன் பசையும், எதிர்த் தாடைக்கு ஆல்ஜினேட் என்ற மாவும் பயன்படுகின்றன. இந்த ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் பொருள். நம் மன்னார் வளைகுடாக் கரையில் சேகரிக்கும் பழுப்புப் பாசியிலும் அது உண்டு. அளவு எடுக்கும்போது குமட்டும் என்று பயப்படுகிறவர்கள் தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கால் நிதானமாக மூச்சு விட்டால் சமாளித்துவிடலாம்.

அந்த அச்சு லேபுக்குப் போகிறது. அங்கே நடப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அச்சில் கல்மாவை ஊற்றிப் பல்லின் மாதிரி செய்து, அதன்மேல் மெழுகால் கேப்பை வடிக்கிறார்கள். மெழுகைச் சுற்றி வெப்பம் தாங்கும் மாவு பூசி, சூளையில் வைத்தால் மெழுகு உருகி எரிந்துபோகும். அந்த வெற்றிடத்தில் உருக்கின உலோகம் பாய்கிறது. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிற்பங்களை வார்க்கிற அதே முறைதான். அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் 1907-ல் இம்முறையைப் பல் வேலைக்குக் கொண்டுவந்து காட்டினார். இப்போது ஜிர்கோனியா கேப்புகளைக் கம்ப்யூட்டர் உதவியால் கடைந்தெடுக்கிறார்கள் என்றாலும், உலோகக் கேப்புக்கு மெழுகு இன்னும் பல லேபுகளில் வழக்கத்தில் இருக்கிறது.

இடைப்பட்ட நாட்களில் பல்லின் மேல் தற்காலிகப் பிளாஸ்டிக் கேப் இருக்கும். அது கழன்றால் “எப்படியும் புதுசு வரப்போகிறதே” என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பல் கொஞ்சம் நகர்ந்தாலும் புதிய கேப் உட்காராது. பழையபடி அளவு எடுக்க வேண்டிவரும்.

இரண்டாம் நாள் கேப்பை வைத்துப் பார்த்து, நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இடிக்கிற இடத்தைத் தேய்த்துச் சரிசெய்து, சிமெண்ட் வைத்து ஒட்டுகிறோம். இங்கே ஒரு வேண்டுகோள். “கொஞ்சம் உயரமாகத் தெரிகிறதா?” என்று கேட்கும்போது டாக்டருக்குச் சிரமம் தரக்கூடாது என்று எண்ணி “இல்லை” என்று தலையாட்டிவிடுகிறார்கள். தலைமுடி அளவு உயரமானாலும் சில நாட்களில் பல் வலிக்கத் தொடங்கும். பழகினால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். திரும்ப வந்தால் ஐந்து நிமிட வேலைதான்.

எந்தக் கேப் நல்லது என்று அடிக்கடி கேட்கிறார்கள். முழு உலோகக் கேப் விலை குறைந்தது, உறுதியானது, பல்லைக் குறைவாகச் சீவினால் போதும். வெள்ளி நிறமாகத் தெரிவது ஒன்றே அதன் குறை. உள்ளே உலோகமும் வெளியே செராமிக்கும் உள்ளது பல் நிறத்தில் இருக்கும். ஆனால் செராமிக் சில சமயம் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஜிர்கோனியா பல் நிறமும் உறுதியும் சேர்ந்தது, விலை அதிகம். கண்ணில் படாத கடைவாய்க்கு உலோகமே போதும் என்பது எங்கள் கருத்து. ஆதரவாளர்களின் பணத்தில் செய்யும் கேப்புகள் பெரும்பாலும் அதுவே. கவரிங் நகை போட்டால் அரிப்பும் தடிப்பும் வருகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. சில உலோகக் கேப்புகளிலும் நிக்கல் கலந்திருக்கும்.

இனி பராமரிப்பு. கேப் சொத்தையாகாது. ஆனால் கேப் முடிந்து பல் தொடங்குகிற விளிம்பு, ஈறை ஒட்டி இருக்கிறதே, அங்கே சொத்தை வரும். வேர்ச் சிகிச்சை செய்த பல்லுக்கு நரம்பு இல்லாததால் சொத்தை உள்ளே போனாலும் கூச்சமோ வலியோ எச்சரிக்காது. ஒரு நாள் கேப் பல்லோடு கையில் வந்துவிடும். ஆகவே இரவு படுக்குமுன் ஃபுளோரைடு கலந்த பேஸ்ட்டால் அந்த விளிம்பில் மிருதுவான பிரஷ் படும்படி துலக்க வேண்டும். இரண்டு பல்லுக்கும் நடுவே ஃப்ளாஸ் நூலோ அதற்கான சிறு பிரஷோ விட்டு எடுக்க வேண்டும். உமிக்கரி, செங்கல் பொடி வேண்டாம். அவை விளிம்பிலுள்ள பல்லை அரித்துவிடும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும். ஈறு கரைந்தால் எவ்வளவு நல்ல கேப்பும் ஆடும்.

கொட்டைப்பாக்கு, கரும்பு, ஐஸ்கட்டி, சோடா மூடி இவற்றைக் கேப் போட்ட பல்லால் கடிக்காதீர்கள். பாக்கைப் பொறுத்தவரை கேப் ஒரு சிறிய காரணமே. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பாக்குப் பழக்கத்தால் வாய் திறக்க முடியாமல் இறுகிப்போனவர்களும் எங்களிடம் வருகிறார்கள். கருவி உள்ளே போகவே இடமில்லாதபோது கேப் பற்றிப் பேசுவது எப்படி? இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிற வழக்கம் இருந்தால் வீட்டார் சொல்லித்தான் தெரியும். அவர்களுக்கு இரவில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு செய்து கொடுக்கிறோம்.

இப்போது வேர்ச் சிகிச்சைச் சீட்டைத் தமிழில் எழுதுகிறோம். பிளந்த பல் ஒன்றை மேசைமேல் வைத்துக் காட்டுகிறோம். எந்த நாள் கூலி போகாது என்று கேட்டு அந்த நாளைக் குறிக்கிறோம். இருந்தும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. சூளைத் தாயார் இந்த வருஷம் தன் மருமகளை அழைத்து வந்தார்கள். வேர்ச் சிகிச்சை தொடங்குமுன்பே அவர்கள் கேட்டது, கேப் என்றைக்கு என்பதுதான்.

உங்களில் அநேகர் கேப் போட்டிருப்பீர்கள். நன்றாகப் பராமரித்தால் 10, 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் இருக்கும். என்றாவது கழன்றால் கேப்பைக் கழுவி ஒரு சிறு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். பல் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டிக்கொள்ள வேண்டாம். தெரியாமல் விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். ஆனால் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அது மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். அப்போது பல் பிரிவுக்கு அல்ல, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.