செஞ்சி ராஜகிரி: ஒரு ஏற்றமும் ஒரு வகுத்தல் கணக்கும்

புதுச்சேரியில் மலை கிடையாது. ஏறணும்னா பக்கத்தில் செஞ்சிதான், திண்டிவனம் வழியா சுமார் 70 கி.மீ. வார நாளில், காலையிலேயே போனால் ராஜகிரி கிட்டத்தட்ட காலியாக இருக்கும். உயரம் சுமார் 800 அடிதான். ஆனா படிகள் மூச்சு வாங்க வைக்கும். பாறைகளுக்கு நடுவே புதர்க்காடு, குரங்குகள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய பிளவு, அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துட்டா மேலே யாரும் வர முடியாது.

அப்படிப்பட்ட கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். பிரெஞ்சுக்காரர்கள் 1761 ஏப்ரல் வரை வைத்திருந்தார்கள். புதுச்சேரியே அந்த ஜனவரியில் விழுந்தாச்சு.

ஆங்கிலேயர் காலத்து கெசட்டியரில் ஒரு கணக்கு வருகிறது: அந்தப் பத்து வருஷத்தில் இங்கே இறந்த ஐரோப்பிய சிப்பாய்கள் 1,200 பேராம். காவல் படையோ 100 பேரைத் தாண்டியதே அபூர்வம். வகுத்துப் பாருங்க, வருஷத்துக்கு 120. மொத்தப் படையையும் வருஷா வருஷம் புதுசா அனுப்பியிருக்கணும்! (எழுதியது எதிர்த்தரப்பு, எண் கொஞ்சம் ஊதியிருக்கலாம்.)

உடம்புக்கு ஆகாத ஊர் என்று மட்டும்தான் அன்றைக்குத் தெரியும். கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியை ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-ல். மலையடியில் குளங்கள், மேலே பாறைச் சுனைகள். முற்றுகைக்காகச் சேர்த்த தண்ணீரே கொசுவையும் வளர்த்திருக்கும் என்பது என் ஊகம்.

குடிக்கத் தண்ணீர் கீழேயே வாங்கிப் பையில் போட்டுக்கங்க. கையில் கவர் வேண்டாம், குரங்கு பிடுங்கும்.