புறநகரில் முதல் வீடு: விலையும் தொலைவும்

சென்னையில் மாதச் சம்பளத்தை நம்பி முதல் வீடு வாங்கப் புறப்படும் ஒரு குடும்பம், நகருக்குள் விலை எட்டாது என்று தெரிந்த பிறகு, தெற்கே தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்றோ, மேற்கே ஆவடி, திருநின்றவூர் என்றோ தள்ளித் தள்ளிப் போய், வங்கி தரும் கடனும் விற்பவர் கேட்கும் விலையும் ஒத்துவருகிற இடத்தில் நின்றுவிடுகிறது. அப்படி நின்ற இடத்தில் வாங்கும் வீடு கட்டுப்படியாகும் வீடுதானா என்பதற்கு, பத்திரத்தில் எழுதப்படும் விலையை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. தொலைவுக்கும் ஒரு விலை உண்டு. பத்திரப்பதிவு அன்று அதை யாரும் கேட்பதில்லை என்றாலும், பாதி பணமாகவும் பாதி நேரமாகவும் அது மாதந்தோறும் வசூலாகிக்கொண்டே இருக்கிறது.

நிலத்தின் விலைக்கும் தொலைவுக்கும் உள்ள இந்த உறவைப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஜெர்மானியரான யோஹான் ஹைன்ரிஹ் ஃபான் ட்யூனன், சந்தையிலிருந்து விலக விலக விளைநிலத்தின் வாரம் எவ்வாறு குறைகிறது என்பதை 1826 இல் வெளியான நூலில் விளக்கினார். அதே கருத்தை நகரத்து வீடுகளுக்குப் பொருத்தி, வில்லியம் அலோன்சோ 1964 இல் ஒரு கோட்பாட்டை வகுத்தார். மையத்திலிருந்து விலகிச் செல்வோர் பயணத்துக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டியிருப்பதால், அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு அங்கே நிலம் மலிவாக இருக்கும் என்பது அதன் சாரம். ஆகவே புறநகர் வீட்டின் குறைந்த விலையைச் சலுகை என்று கொள்வதைவிட, வாங்குபவர் பின்னால் சுமக்கப்போகும் பயணத்துக்காக முன்கூட்டியே கழிக்கப்பட்ட தொகை என்று கொள்வதே பொருத்தம். கழிக்கப்பட்ட தொகை சுமக்கப்போகும் சுமைக்குப் போதுமா என்பதே பார்க்க வேண்டிய கணக்கு. அமெரிக்காவில் வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே எடைபோடும் குறியீடு ஒன்றை, சிகாகோவைச் சேர்ந்த சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு உருவாக்கியது. வருமானத்தில் வீட்டுக்கு 30 சதவீதம் என்ற பழைய அளவுகோலுடன், வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற அளவுகோலையும் அது முன்வைத்தது.

அலோன்சோவின் கோட்பாடு நகரத்துக்கு ஒரே மையம் இருப்பதாகக் கொள்கிறது. சென்னை அப்படிப்பட்ட நகரம் இல்லை. பாரிமுனை, கிண்டி, பழைய மகாபலிபுரம் சாலை, அம்பத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று வேலையிடங்கள் சிதறிக் கிடப்பதால், ஒரகடத்துத் தொழிற்சாலையில் பணிபுரிபவருக்குக் கூடுவாஞ்சேரி அருகில் இருக்கும் ஊர், அம்பத்தூரில் பணிபுரிபவருக்கோ அதே ஊர் நகரின் மறுகோடி. அதோடு, கடன் 20 ஆண்டுக்கு எடுக்கப்படுகிறது. தனியார் வேலை அவ்வளவு காலம் ஒரே அலுவலகத்தில் நிலைப்பது அரிது. எனவே இன்றைய அலுவலகத்துக்கு அருகில் உள்ள வீட்டைவிட, கிண்டி, மாம்பலம், எழும்பூர், பூங்கா, கோட்டை, கடற்கரை என்று பல வேலையிடங்களைத் தொட்டுச் செல்லும் தாம்பரம் வழித்தடம் போன்றதொரு ரயில் பாதையை ஒட்டிய வீடு, வேலை மாறினாலும் பயன் குறையாத வீடாக அமைகிறது.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். இதில் வரும் விலைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் முன், புதிதாகக் கட்டிய இரண்டு படுக்கையறை வீடுகள் இரண்டு உள்ளன என்று கொள்வோம். ஒன்று ரயில் நிலையத்துக்கு நடந்தே போகக்கூடிய இடத்தில் 54 லட்சம் ரூபாய்க்கும், மற்றொன்று பிரதான சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி 42 லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கின்றன. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனை, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது. ஆகவே முதல் வீட்டுக்கு 43.2 லட்சமும் இரண்டாவதற்கு 33.6 லட்சமும் கடனாகக் கிடைக்கும். வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால், மாதத் தவணை முறையே சுமார் 37,490 ரூபாயும் 29,159 ரூபாயும் ஆகும். உள்ளே தள்ளியிருக்கும் வீடு மாதம் 8,331 ரூபாயை மிச்சப்படுத்துவதாகத் தோன்றுகிறது.

இப்போது அந்த வீட்டின் பயணச் செலவைக் கழிக்க வேண்டும். ஒருவர் மோட்டார் சைக்கிளில் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டினால், மாதம் 24 வேலை நாளில் 720 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 16 லிட்டர் பெட்ரோல், அதோடு டயர், ஆயில், சர்வீஸ் என்று சுமார் 2,000 ரூபாய் போய்விடும். மற்றவர் ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய்வர நாளுக்கு 60 ரூபாய் என்றால் மாதம் 1,440 ரூபாய். குழாய்த் தண்ணீர் வராத இடமாக இருந்து, தண்ணீர் லாரிக்கான பங்கும் கேன் தண்ணீரும் சேர்ந்து 1,500 ரூபாய் ஆகுமானால், மொத்தக் கூடுதல் செலவு 4,940 ரூபாய். மிஞ்சுவது 3,391 ரூபாய்தான். அந்தத் தொகைக்காக இருவரும் நாளுக்கு ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்கிறார்கள் என்றால், மாதம் 60 மணி நேரம் செலவாகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தை ஏறத்தாழ 57 ரூபாய்க்கு விற்றதாக ஆகிறது. குழந்தையின் வீட்டுப்பாடமும் இரவுச் சமையலும் வயதான பெற்றோரின் மருத்துவமனைச் சந்திப்பும் அந்த 60 மணி நேரத்தில் நடந்திருக்க வேண்டியவை என்பதையும், நடைமுறையில் அந்தச் சுமையின் பெரும்பங்கு பெண்கள்மேல் விழுகிறது என்பதையும் குடும்பம் மறந்துவிடக் கூடாது.

இதனால் அருகில் உள்ள வீடே எப்போதும் சிறந்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. மாதத் தவணையைவிடக் கடுமையான தடை, தொடக்கத்தில் கையிலிருந்து போட வேண்டிய பணம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முன்பணத்தில் மட்டும் 2.4 லட்சம் வேறுபாடு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அதற்கு மேல். கட்டிடத்தின் மதிப்பையும், அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதித் தரப்படும் பிரிக்கப்படாத பங்கின் மதிப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் கூட்டு மதிப்பு முறை தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையில் 50 லட்சம் வரை 4 சதவீதமும், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதமும் முத்திரைத் தீர்வையாகவும், 2 சதவீதம் பதிவுக் கட்டணமாகவும் செலுத்த வேண்டும். 42 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இவை 2.52 லட்சம், 54 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3.78 லட்சம். வீடு கட்டி முடிக்கப்படாத நிலையில் வாங்கினால் சரக்கு மற்றும் சேவை வரியும் சேரும்: சென்னை போன்ற பெருநகரில் விலை 45 லட்சத்துக்கும் சுவருக்குள் அடங்கிய பரப்பு 60 சதுர மீட்டருக்கும் மிகாத வீட்டுக்கு 1 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம். 42 லட்சம் ரூபாய் வீடு அந்தப் பரப்புக்குள் அடங்கினால், வரியில் மட்டும் 2.28 லட்சம் வேறுபாடு. ஆக, கட்டி முடிக்கப்படாத நிலையில் வாங்கினால், 12 லட்சம் ரூபாய் விலை வித்தியாசம் கையிருப்பில் கிட்டத்தட்ட 6 லட்சத்தைக் கேட்கிறது.

அந்த 6 லட்சத்தைத் திரட்ட வீட்டு நகைகள் அடகுக்குப் போகின்றன, அல்லது அதிக வட்டியில் தனிநபர் கடன் வாங்கப்படுகிறது. பத்திரப் பதிவுச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்து வங்கி பெரும்பாலும் கடன் தருவதில்லை என்பதால், கடைசி வாரத்தில்தான் இந்த நெருக்கடி புலப்படும். நகைக்கடனை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு, மறுபுறம் வீட்டுக்கடன் தவணையும் கட்டுகிற குடும்பத்துக்கு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வீடு உண்மையில் எட்டாத வீடுதான். ஒரு மாதம் சம்பளம் தவறினாலே இரண்டு கடன்களும் ஒருசேர நெரிக்கும். முதலில் கையிருப்பையும் தவணை வரம்பையும் உறுதியாக வரையறுத்துக்கொண்டு, அந்த வரம்புக்குள் எவ்வளவு நல்ல இடம் கிடைக்கும் என்று தேடுவதே முறையான வரிசை.

வரம்புக்குள் தேடும்போது, இடத்தை விட்டுக்கொடுப்பதற்கு முன் பரப்பை விட்டுக்கொடுக்கலாம் என்பது பலரும் எண்ணிப் பார்க்காத வழி. இரண்டு படுக்கையறையும் பால்கனியும் கார் நிறுத்தமும் கொண்ட வீடு ஐந்து கிலோமீட்டர் உள்ளே கிடைக்கும் பணத்தில், நிலையத்தை ஒட்டி ஒற்றைப் படுக்கையறை வீடோ, பதினைந்து இருபது ஆண்டு பழைய மறுவிற்பனை வீடோ கிடைக்கக்கூடும். பழைய மூன்று மாடிக் கட்டிடங்களில் வீடுகள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் வரும் நிலப்பங்கு பெரும்பாலும் அதிகம். காலப்போக்கில் கட்டிடத்தின் மதிப்பு தேய்ந்தாலும் நிலத்தின் மதிப்பு நிற்பதால் இது பெரிய ஆதாயம். ஆனால் மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; கட்டிடத்தின் வயதைப் பொறுத்து வங்கி கடன் காலத்தையும் குறைக்கலாம்.

தொலைவை அளப்பதில் நேரும் பெரிய பிழை, அதைக் கிலோமீட்டரில் அளப்பது. கூடுவாஞ்சேரியிலிருந்து மாம்பலம் வரையிலான மின்சார ரயில் பயணம் நீண்டதுதான் என்றாலும் அது நேர அட்டவணைக்கு உட்பட்டது, சீசன் டிக்கெட்டில் மலிவானது. வீட்டு வாசலுக்கும் நடைமேடைக்கும் இடையிலான கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர்தான் மனிதரைச் சோர்வடையச் செய்கிறது: ஆள் நிரம்பும்வரை புறப்படாத ஷேர் ஆட்டோ, ரயில்வே கேட், மழை பெய்தால் சேறாகும் உட்சாலை, இரவு ஒன்பது மணிக்கு விளக்கு எரியாத வளைவு. விளம்பரத்தில் பத்து நிமிடம் என்று எழுதப்பட்டிருக்கும் தூரத்தை, வாங்குபவர் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒருமுறையும், வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் ஒருமுறையும் தாமே கடந்து பார்ப்பது நல்லது. வீட்டைப் பார்க்க அழைத்துச் செல்லும் ஞாயிறு காலை எந்தச் சாலையும் அருகில்தான் இருக்கும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை என்பதால், அத்தகைய பேருந்து அடிக்கடி வரும் வழித்தடத்தில் உள்ள வீடு, வேலைக்குப் போகும் பெண்ணின் மாதச் செலவை நேரடியாகக் குறைக்கிறது.

இடம் என்பதில் நிலத்தின் உயரமும் அடக்கம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானபோது, அடையாற்றின் மேற்பகுதியை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கி, மக்கள் படகுகளில் மீட்கப்பட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பகுதிகள் வெள்ளத்தைக் கண்டன. மலிவாகக் கிடைக்கும் மனை தாழ்வான மனையாகவும் இருப்பது புறநகரில் அடிக்கடி நேர்கிறது. வருவாய்த் துறையின் அ பதிவேட்டில் அந்த நிலம் முன்பு எவ்வாறு வகைப்படுத்தப்பட்டிருந்தது என்று பார்க்கலாம்; அதைவிட எளிதாக, அந்தத் தெருவில் பத்தாண்டுக்கு மேல் இருக்கும் வீடுகளைக் கவனிக்கலாம். சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கறை, பின்னாளில் உயர்த்தப்பட்ட வாசற்படி, முதல் மாடிச் சுவருக்கு ஏற்றப்பட்ட மின்மீட்டர், திரும்பத் திரும்பப் போடப்பட்ட சாலை தரைத்தளத்தைவிட உயர்ந்து நிற்பது ஆகியவை எந்தச் சான்றிதழும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

தண்ணீரும் கழிவுநீரும் அடுத்தவை. தாம்பரம் 2021 இலும் ஆவடி 2019 இலும் மாநகராட்சிகளாயின என்றாலும், புறநகரின் பல தெருக்களில் இன்னும் பாதாளச் சாக்கடை இல்லை. செப்டிக் டேங்க் நிரம்பும்போதெல்லாம் கழிவுநீர் லாரியை அழைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் குடியிருப்புக்கு எத்தனை தண்ணீர் லாரி வந்தது என்பதைக் குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கில் கேட்டுப் பார்க்கலாம்.

வரப்போகும் வசதிகளின் பெயரால் கேட்கப்படும் விலை தனிக் கவனத்துக்கு உரியது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது, அதை ஒட்டிய ரயில் நிலையம் இல்லை. தென்மாவட்டப் பயணிகள் பெட்டி படுக்கையோடு ஊரப்பாக்கத்துக்கோ வண்டலூருக்கோ தனியாகப் போய் ரயில் ஏற வேண்டியிருந்தது. ஒரு வசதி வந்தாலும் அதைப் பயனுடையதாக்கும் இணைப்பு பின்தங்கியே வரும் என்பதற்கு இது சான்று. திட்ட அறிக்கை நிலையில் உள்ள மெட்ரோ தடத்துக்காக இன்றே கூடுதல் விலை தருவது, கிடைக்காத சேவைக்கு 8.5 சதவீத வட்டியும் சேர்த்துக் கட்டுவதாகும்.

ஆவணங்களில் எந்தத் தொலைவிலும் சலுகை கிடையாது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி ஆகியவற்றோடு, 500 சதுர மீட்டர் நிலத்தை அல்லது எட்டு வீடுகளைத் தாண்டும் திட்டமாக இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்தொகை வாங்க 2016 ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுநரை அனுமதிப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், உள்ளே தள்ளியிருக்கும் வீடே பொருந்துகிற குடும்பங்கள் உண்டு. இருவரில் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை செய்தாலோ, வேலையிடம் மறைமலைநகர் பக்கம் இருந்தாலோ, கூடுதல் பயண நேரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்து, கணக்கு தலைகீழாக மாறிவிடும். அத்தகைய குடும்பம் மிச்சமாகும் 3,391 ரூபாயை வேறு செலவில் கரையவிடாமல் ஒவ்வொரு மாதமும் கடன் அசலில் கூடுதலாகக் கட்டிவந்தால், மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபருக்கு அபராதம் இல்லை என்பதால், 33.6 லட்சம் ரூபாய்க் கடன் 20 ஆண்டுக்குப் பதிலாகப் பதினைந்தரை ஆண்டில் முடிந்துவிடும்.