கலே பறிபோன கதை

1553 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் அரசியாகிய மேரி, தேவநற்கருணைக்கு முன் முழந்தாட்படியிட்டு, ஸ்பெயின் இளவரசர் பிலிப்பையே மணப்பதாகச் சத்தியம் செய்தபோது, உடனிருந்தவர்கள் ஒரு தோழியும் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸின் ஸ்தானாபதி சிமோன் ரெனாரும் மட்டுமே. தாய்வழி உறவினரான அச்சக்கரவர்த்தியின் மைந்தரை மணந்தால் கத்தோலிக்க சமயம் தம் நாட்டில் மீண்டும் வேரூன்றும், பிரான்சுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை என்பது அரசியின் துணிபு.

சான்ஸலர் பதவியிலிருந்த விஞ்செஸ்டர் மேற்றிராணியார் ஸ்டீபன் கார்டினரோ, தாமும் கத்தோலிக்கராயினும், எட்வர்டு கோர்ட்னி என்னும் உள்நாட்டுப் பிரபுவே தக்க வரன் என்றார். மற்றொரு மந்திரியான வில்லியம் பேஜட் ஸ்பெயின் சம்பந்தத்தை ஆதரித்தார். நவம்பரில் பார்லிமெண்டின் பிரதிநிதிகள் வந்து, ஆங்கிலேயர் ஒருவரையே மணக்குமாறு வேண்டியபோது, சான்ஸலர் வாயிலாக மறுமொழி கூறும் சம்பிரதாயத்தையும் பாராமல் அரசியே சினந்து விடையளித்தார்.

தடுக்க இயலாத மணத்திற்கு மந்திரிகள் வேலி கட்டினார்கள். 1554 ஜனவரியில் முடிவான உடன்படிக்கையின்படி, பிலிப்புக்கு அரசர் என்ற பட்டம் உண்டு. அந்நியருக்கு உத்தியோகம் வழங்கும் அதிகாரம் இல்லை. அரசி மகப்பேறின்றி இறந்தால் இராஜ்யத்தில் பாத்தியதை இல்லை. பிரான்சோடு சக்கரவர்த்தி நடத்தும் யுத்தத்தில் இங்கிலாந்தை இழுக்கவும் கூடாது. அப்படியும் கென்ட் பிரதேசத்தில் தாமஸ் வையட்டின் தலைமையில் கலகம் மூண்டது. அது அடங்கிய பின், ஜூலை 25 இல் விவாகம் நடந்தேறியது.

1557 மார்ச்சில், அதற்குள் ஸ்பெயினின் அரசராகிவிட்ட பிலிப், யுத்த உதவி வேண்டி வந்தார். விளைச்சல் பொய்த்து, கஜானாவும் வறண்டிருந்த அக்காலத்தில், மந்திரிகள் உடன்படிக்கையை எடுத்துக்காட்டி மறுத்தார்கள். அரசி பெரிதும் நம்பிய கர்தினால் ரெஜினால்டு போலும் யுத்தத்தை விரும்பவில்லை. போப்பாண்டவர் நான்காம் பவுல் பிரான்சின் பக்கம் நின்றமையால், சமயத்திற்காக மணந்த அரசி போப்பாண்டவரின் பகைவருக்குத் துணைபோகும் விபரீதமும் நேர்ந்தது. ஆயினும் ஏப்ரலில் தாமஸ் ஸ்டாஃபோர்டு என்னும் ஆங்கிலேயக் கலகக்காரர் பிரான்சிலிருந்து சிறு படையோடு வந்திறங்கி ஸ்கார்பரோ கோட்டையைப் பிடிக்கவே, தேடிய காரணம் தானே கிட்டியது. ஜூன் 7 இல் யுத்தப் பிரகடனம் வெளியாயிற்று.

பிரான்சின் கடற்கரையில் 1347 முதல் ஆங்கிலேயர் வசமிருந்த கலே துறைமுகத்திற்குச் சுற்றியிருந்த சதுப்பு நிலமே பேரரண். 1558 ஜனவரி முதல் நாள் பிரெஞ்சுத் தளபதி கீஸ் பிரபுவின் படை தாக்கியபோது, குளிரில் உறைந்த அச்சதுப்பே பகைவருக்குப் பாதையாயிற்று. ஏழாம் நாள் நகரம் பணிந்தது. அவ்வாண்டு நவம்பர் 17 இல் மேரியும், சில மணி நேரத்தில் கர்தினால் போலும் காலமானார்கள்.

உடன்படிக்கையின் ஷரத்துக்கள் யாவும் பிலிப்பின் கையைக் கட்ட எழுதப்பட்டவை. முழந்தாட்படியிட்டுச் சத்தியம் செய்த அரசியின் மனத்தைக் கட்ட ஒரு ஷரத்தும் இல்லை. கலே அதன்பின் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பவே இல்லை.