முகக்கவசம் அணிய இயலாத தூய்மைப் பணியாளர்: தேவை விலக்கு அல்ல, உரிமை

கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரலில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, பொது இடங்களிலும் பணியிடங்களிலும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அந்த ஆணை இன்று நடைமுறையில் இல்லை. ஆனால் குப்பைத் தூசியையும் கிருமிகளையும் நாள்தோறும் சுவாசிக்கும் தூய்மைப் பணியில் முகக்கவசத்தின் தேவை நீங்கவில்லை. தரமான பாதுகாப்புக் கருவி என்பது இத்தொழிலாளர்களின் நெடுநாள் கோரிக்கை. அதை முழுமையாக ஏற்றுக்கொண்டே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முகக்கவசம் அணிய இயலாதவர்களின் நிலை என்ன?

ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் உள்ளவர்களில் சிலருக்கு, இறுக்கமான கவசத்துடன் கடும் உடலுழைப்பில் ஈடுபடுவது மூச்சுத்திணறலை உண்டாக்கும். முகத்தில் தீக்காயமோ அமிலக் காயமோ உற்றவர்களுக்குக் கவசத்தின் உராய்வே வேதனை. உதட்டசைவைக் கொண்டு பேச்சை அறியும் செவித்திறன் குறைந்தவருக்கோ, பிறர் அணியும் கவசமே தடையாகிறது.

இத்தகையோரிடம் நிர்வாகம் கூறும் விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே அமைகிறது. ஒன்று, "அணியாவிட்டால் வேலைக்கு வராதே". மற்றொன்று, "உனக்கு மட்டும் விலக்கு". முன்னது கூலியைப் பறிக்கிறது. பின்னது நோயுற்ற நுரையீரலை எந்தப் பாதுகாப்புமின்றி அதே தூசியில் நிறுத்துகிறது. சாதியால் ஒதுக்கப்பட்டு, தலைமுறைகளாக இத்தொழிலுக்குள் தள்ளப்பட்ட மக்களுக்கு இவ்விரண்டுமே அநீதி.

சட்டம் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதனை 'நியாயமான தகவமைப்பு' என்கிறது. நிர்வாகத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், தனிநபரின் தேவைக்கேற்பப் பணிச்சூழலை மாற்றியமைப்பதே அதன் பொருள். தூசி பறக்காதபடி நீர் தெளித்துப் பெருக்குதல், தூசி குறைந்த பணிக்கு ஊதியக் குறைப்பின்றி மாற்றுதல், மூச்சை எளிதாக்கும் விசிறி பொருத்திய கவசம் அளித்தல், செவித்திறன் குறைந்தோருடன் பணிபுரிவோருக்கு ஒளிபுகும் கவசம் வழங்குதல் ஆகியவை இதற்கான எடுத்துக்காட்டுகள். பணியிடப் பாதுகாப்பின் அடிப்படை நெறியும் இதுவே: முதலில் ஆபத்தை அகற்ற வேண்டும், முகக்கவசம் கடைசி அரண் மட்டுமே.

'ஆஸ்துமா ஊனமுற்றோர் பட்டியலில் இல்லையே' என்று அதிகாரிகள் மறுக்கக்கூடும். சட்டத்தின் அட்டவணையில் அது தனியாகக் குறிப்பிடப்படவில்லை என்பது உண்மை. ஆனால் நீண்டகால உடற்குறைபாடு, சூழலின் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் சமமான பங்கேற்பைத் தடுக்குமாயின், அவரும் மாற்றுத்திறனாளியே என்று பிரிவு 2 விரிவாக வரையறுக்கிறது. நியாயமான தகவமைப்பைப் பெற 40 விழுக்காட்டு ஊனச் சான்று முன்நிபந்தனை அன்று என்பதை விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இச்சட்டத்தில் ஓர் ஓட்டையும் உள்ளது. பணியிடத்தில் தகவமைப்பு வழங்கும் கடமையைப் பிரிவு 20 அரசு நிறுவனங்கள் மீதே நேரடியாகச் சுமத்துகிறது. உள்ளாட்சி அமைப்புகளும் அதில் அடங்கும். தூய்மைப் பணியை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்துவிட்டு, 'அவர் எங்கள் ஊழியர் அல்லர்' என்று கைகழுவ மாநகராட்சிகளுக்கு இது வாய்ப்பளிக்கிறது. எனினும், தகவமைப்பை உறுதிசெய்யும் பொதுவான பொறுப்பைப் பிரிவு 3 அரசின் மீதே வைத்துள்ளது. ஒப்பந்தத்தால் அப்பொறுப்பு கைமாறிவிடாது.

செய்ய வேண்டியவை யாவை? மருத்துவச் சான்றுடன் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, ஒப்புகை பெறுங்கள். மறுக்கப்பட்டால், அரசு நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். புகார் பதிவான இரண்டு வாரங்களுக்குள் அதை விசாரிக்க வேண்டும் என்கிறது பிரிவு 23. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரையும் அணுகலாம். தனியொரு தொழிலாளி இதைக் கேட்டால் மறுநாள் வேலை பறிபோகலாம். ஆகவே, ஒவ்வொரு தூய்மைப் பணி ஒப்பந்தத்திலும் தகவமைப்புக்கான விதி இடம்பெற வேண்டும் என்பதைச் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் கூட்டுக் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.