காசு கட்டிக் கதவு தட்டும் பிள்ளைகள்

சம்பளம் எவ்வளவு என்றுதான் நாம் முதலில் கேட்போம். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, தலையில் சைக்கிள் ஹெல்மெட். இந்தக் கோலத்தில் இருவர் இருவராக மதம் பரப்ப ஊர் சுற்றும் அமெரிக்க இளைஞர்களைப் பார்க்கிறவர்களுக்கு, பெரிய இடத்துப் பணம் எதுவோ பின்னால் இருக்கிறது என்றுதான் தோன்றும். நிலவரம் தலைகீழ். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் ஒருவர் தன் சபைக்கு மாதம் 400 டாலர் கட்டிக்கொண்டிருந்தார். 2020 ஜூலையில் அது 500 ஆனது. இரண்டு வருடத்துக்கு 12,000 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ பத்து லட்சம். பள்ளிக்கூட நாட்களிலேயே பகுதி நேர வேலை பார்த்து அதற்குச் சேர்த்து வைக்கிறவர்கள் உண்டு. குறைவதைப் பெற்றோரோ சபையில் வசதியுள்ளவர்களோ போடுகிறார்கள். ஏழை நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குப் பொது நிதியிலிருந்து உதவி கிடைக்கிறது.

மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் இவர்களுடைய அமைப்பின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இப்போது தலைமையகம் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டியில். பைபிளோடு 'மார்மன் புஸ்தகம்' என்ற நூலையும் வேதமாகக் கொள்வதால் மற்ற கிறிஸ்தவ சபைகள் பலவும் இவர்களைத் தங்கள் வரிசையில் சேர்ப்பதில்லை. பலதார மணத்தை 1890இல் கைவிட்டாயிற்று. கதவைத் திறப்பவர்கள் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மார்மன் என்ற பெயரையே விட்டுவிடும்படி 2018இல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரையும் அப்படியே.

பையன்களுக்கு ஊழியம் இரண்டு வருடம், பெண்களுக்கு 18 மாதம். பையன்களுக்கு இது கடமை; பெண்கள் விரும்பினால் போகலாம். 2012 அக்டோபரில் அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன், ஆண்களுக்கு 19 என்றிருந்த குறைந்தபட்ச வயதை 18 ஆகவும் பெண்களுக்கு 21 என்றிருந்ததை 19 ஆகவும் இறக்கினார். பள்ளி முடித்த கையோடு புறப்படலாம் என்றானதும் கூட்டம் பெருகியது. 2024 முடிவில் உலகெங்கும் 74,000 பேருக்கு மேல் களத்தில் இருந்தார்கள்.

எந்த நாடு என்பதை இவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பம் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும். அப்போஸ்தலர்கள் எனப்படும் சபையின் உயர் தலைவர்களில் ஒருவர் பார்த்து ஊரை ஒதுக்குவார். பெருவுக்குப் போகச் சொன்னால் பெரு, பின்லாந்து என்றால் பின்லாந்து. முன்பெல்லாம் போகிற ஊரின் விலைவாசிக்கு ஏற்ற செலவை அந்தந்தக் குடும்பமே ஏற்க வேண்டும். டோக்கியோ வந்து விழுந்த வீட்டுக்கும் மணிலா வந்து விழுந்த வீட்டுக்கும் சுமை ஒன்றாகவா இருக்கும்? 1991 முதல் அமெரிக்காவிலிருந்து போகிற எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஆக்கினார்கள்.

டோக்கியோ விழுந்த பையனையே எடுத்துக்கொள்வோம். முதலில் யூட்டாவின் புரோவோ நகரில் உள்ள பயிற்சி மையத்தில் ஜப்பானிய மொழி. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைச் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. ஜப்பானிய மொழி போன்ற கடினமானவற்றுக்கு இரண்டு மாத அளவில் நேரம் தருவார்கள். பிரார்த்தனை செய்யவும், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும், நான்கு கேள்விக்குப் பதில் சொல்லவும் அது போதும். ஜப்பானில் வந்து இறங்கியதும், பெரியவர்களிடம் பேச வேறு வினைச்சொல், கடைக்காரர் தன்னிடம் பேச வேறு வினைச்சொல் என்று தெரியவரும். மீதிப் பாடம் தெருவில்.

காலை 6:30க்கு எழ வேண்டும். அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலை உணவு, பிறகு வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. பகல் முழுக்க வெளியே. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்பி, மறுநாள் யாரைப் பார்ப்பது என்று எழுதி வைத்து, 10:30க்கு விளக்கணைக்க வேண்டும். 2017இல் இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், அடிப்படை அதேதான். சினிமா, தொலைக்காட்சி கிடையாது. காதல் கிடையாது. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில் இருந்தாலும் நீச்சல் கிடையாது. சொந்தப் பெயரும் கிடையாது என்றே சொல்லலாம்: குடும்பப் பெயருக்கு முன்னால் 'எல்டர்', பெண் என்றால் 'சிஸ்டர்'. கூடத் தங்கியிருப்பவரும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

இதில் எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது அந்தக் கூடத் தங்கியிருப்பவர்தான். கம்பேனியன் என்பார்கள். அவருடைய கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய தூரத்திலேயே எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. குளியலறை விதிவிலக்கு. சமைப்பது, சாப்பிடுவது, சைக்கிள் ஓட்டுவது, ஒரே அறையில் தூங்குவது எல்லாம் சேர்ந்தே. ஜோடி யார் என்பதை, அந்த வட்டாரத்து மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் முடிவு செய்கிறார். நம் ஊர்க் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் படலமாவது உண்டு. இங்கே அதுவும் இல்லை. அரிசோனாப் பண்ணையில் வளர்ந்தவனும் ஒசாகாவில் வளர்ந்தவனும் ஒரு சின்ன அடுக்ககத்தில் போய் விழுவார்கள். ஒருவன் ஐந்தரைக்கே எழுந்து பாடுவான், இன்னொருவன் பாத்திரத்தைத் தொட்டியிலேயே போட்டு வைப்பான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். பிடிக்காதவரிடமிருந்து விடுதலை கிடைக்கலாம், நண்பனாகிவிட்டவரை இழக்கவும் நேரலாம். புதிதாக வந்தவனுக்கு முதல் ஜோடியாக அமைகிற மூத்தவனை இவர்கள் வழக்கில் 'அப்பா' என்கிறார்கள். அந்த அப்பாவுக்கு வயது இருபது இருக்கும்!

கதவு தட்டுவதுதான் இவர்கள் வேலை என்று எல்லோரும் நினைக்கிறோம். ஜப்பானின் புதிய அடுக்ககங்களில் தட்டுவதற்குக் கதவே எட்டாது. நுழைவாயில் தானாகப் பூட்டிக்கொள்ளும். கேமரா வைத்த இன்டர்காமில் மிகப் பணிவாக ஒரு மறுப்பு வந்து அணைந்துவிடும். திட்டினாலாவது பேச்சைத் தொடரலாம். பணிவுக்கு என்ன பதில் சொல்வது? அதனால் ரயில் நிலைய வாசல்களில் நிற்கிறார்கள், சமூக ஊடகத்தில் பேசுகிறார்கள், வாரம் ஒரு மாலை சபைக் கட்டடத்தில் இலவச ஆங்கில வகுப்பு எடுக்கிறார்கள். வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் ஆங்கிலத்துக்காகவே வருகிறார்கள் என்பது இவர்களுக்கும் தெரியும். ஓய்வுபெற்ற ஒரு ஜப்பானியப் பாட்டி வருடக்கணக்கில் வகுப்புக்கு வந்து, மாறி மாறி வரும் மிஷனரிகளுக்கெல்லாம் பழம் நறுக்கிக் கொடுத்து, மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருக்கலாம். அது தோல்விக் கணக்கில் வருமா என்று என்னைக் கேட்டால், வராது என்பேன்.

உள்ளே அழைக்கிற வீடுகளில் வேறொரு சங்கடம். ஜப்பானில் விருந்தாளி உட்கார்ந்ததும் பச்சைத் தேநீர் வரும். 1833இல் ஜோசப் ஸ்மித் அறிவித்த உணவுக் கட்டுப்பாட்டின்படி மார்மன்களுக்கு மது, புகையிலை, காபி, தேநீர் நான்கும் ஆகாது. பச்சைத் தேநீரும் இதில் அடக்கம் என்று 2019இல் சபையின் இளைஞர் பத்திரிகை மறுபடி தெளிவுபடுத்தியது. கொண்டுவந்து வைத்ததை எப்படி மறுப்பது என்பது இங்கே புதுப் பையனின் முதல் பாடங்களில் ஒன்று. நல்லவேளையாக ஜப்பானியர்கள் வறுத்த பார்லியில் 'முகிச்சா' என்றொரு பானம் போடுகிறார்கள். அதில் தேயிலை இல்லை. கோடையில் அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். ஜப்பானுக்கு வந்தவர்களுக்கு இந்த வசதி. 1966இல் பிரான்சுக்குப் போன ஒரு மார்மன் இளைஞனுக்கு அதுவும் இல்லை. போர்தோவில் நின்றுகொண்டு ஒயினை விடச் சொல்வது எப்படிப்பட்ட அனுபவம் என்று பின்னாளில் அவரே சிரித்துப் பேசியிருக்கிறார். 2012இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னிதான் அவர். 1968 ஜூனில் அங்கே நடந்த கார் விபத்தில், வண்டியை ஓட்டிய அவர் இறந்துவிட்டதாகவே போலீஸ்காரர் நினைத்தார். உடன் வந்த மிஷன் தலைவரின் மனைவி உயிரிழந்தார்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்க, கடைக்குப் போக, முடி வெட்டிக்கொள்ள, வீட்டுக்கு எழுத. 2019 பிப்ரவரி வரை அம்மாவின் குரலைக் கேட்பது வருடத்தில் இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரம் ஒருமுறை வீடியோவில் பேசலாம். பழைய மிஷனரிகளில் சிலருக்கு இதில் வருத்தம், பிள்ளைகள் மனது வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று. எனக்கு அந்த வருத்தத்தில் பங்கில்லை.

ஜப்பானுக்கு இவர்கள் முதலில் வந்தது 1901 ஆகஸ்டில். ஹீபர் கிராண்ட் என்ற அப்போஸ்தலரோடு யோகோஹாமாவில் இறங்கிய மூவரில் ஆல்மா டெய்லருக்கு வயது 19. மொழி தெரியாது, முன்னால் போனவர் யாரும் இல்லை. கிராண்ட் 1903இல் திரும்பிவிட்டார். டெய்லர் 1910 வரை இருந்தார். ஐந்து வருடம் உட்கார்ந்து 'மார்மன் புஸ்தக'த்தை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். ஜப்பானிய எழுத்தாளர்கள் திருத்திக்கொடுக்க, 1909இல் அச்சேறியது. இத்தனைக்கும் பிறகு, சபையின் தலைவராகிவிட்ட அதே கிராண்ட், 1924இல் ஜப்பான் மிஷனை மூடிவிட்டார். 23 வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. உலகப் போர் முடிந்து 1948இல்தான் மறுபடி திறந்தார்கள். 1980இல் ஆசியாவின் முதல் மார்மன் ஆலயம் டோக்கியோவில் வந்தது.

நம் பக்கமும் வந்து பார்த்தவர்கள்தான். ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் இன்னும் இருவரோடு 1853இல் மெட்ராசுக்குக் கப்பலேறி வந்தார். மடியில் பணம் வைத்துக்கொள்ளாமல் ஊழியம் செய்ய வேண்டும் என்பது அந்தக் காலத்து நியதி. துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார், அங்கிருந்த ஐரோப்பியர்களிடம் பேசினார். மறுவருடமே ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

எண்ணிக்கை இவர்களை விடுவதில்லை. எத்தனை பேரைச் சந்தித்தாய், எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தார்கள் என்று வாராவாரம் கணக்குப் போகிறது. அந்தக் கணக்கு வெறியானால் என்ன ஆகும் என்பதற்கும் டோக்கியோவே உதாரணம். 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் அங்கிருந்த ஒரு மிஷனில், தெருவில் சந்தித்தவர்களை அவசர அவசரமாக அழைத்துப்போய் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெயர்கள் ஏட்டில் ஏறின. அவர்களில் பெரும்பாலோர் மறுபடி சபைப் பக்கம் வரவே இல்லை. எதற்குச் சம்மதித்தோம் என்றே பலருக்குப் புரிந்திருக்கவில்லை. இந்தக் கதையை உரக்கச் சொன்னவர்கள் ஜப்பானிய மார்மன்களே.

இன்றைய கணக்கையும் பார்த்துவிடலாம். 2024இல் உலகெங்கும் சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 3,08,000 பேருக்கு மேல். மிஷனரி ஒருவருக்கு வருடத்துக்கு நான்கு பேர் என்று வருகிறது. இது உலகச் சராசரி. ஜப்பானிலும் மேற்கு ஐரோப்பாவிலும் இரண்டு வருடம் அலைந்து, ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமல் ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. காசு, இளமை, காலணியின் அடித்தோல் மூன்றையும் தேய்த்தது இதற்குத்தானா?

சபையைக் கேட்டால் ஒரு ஆத்துமா போதும் என்று சொல்லும். எனக்குத் தெரிவது வேறு. இந்த ஏற்பாடு மிக உறுதியாக மதம் சேர்ப்பது கதவுக்கு வெளியே நிற்கும் பையனைத்தான். பதினெட்டு வயதில் சந்தேகங்கள் முளைக்கிற நேரத்தில், தன் நம்பிக்கையை அந்நிய மொழியில், விருப்பமில்லாதவர்களிடம், ஒரு நாளைக்குப் பலமுறை சொல்ல வைக்கிறார்கள். சொல்லச் சொல்ல அது அவனுடையதாகிறது. திரும்பி வந்ததும் அடுத்த கடமை கல்யாணம் என்பார்கள். நேற்றுவரை பெண்ணோடு தனியாக நின்று பேசக்கூடாதவன், இன்று பெண் தேட வேண்டும். அவன் பிள்ளைகளும் இதே வழியில் போவார்கள்.

வீட்டு வாசலில் வந்து என் மதத்தை மாற்றச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. என்றாலும் இவர்களில் மோசடிக்காரர்களைத் தேடுவது வீண். என் குறை வேறு இடத்தில். உடல்நலத்தாலோ மனச்சோர்வாலோ நடுவழியில் வீடு திரும்பும் பிள்ளைகளைப் பல மார்மன் ஊர்களில் தோற்றவர்களைப் போலப் பார்க்கிறார்கள். விமான நிலையத்தில் பலூனும் பதாகையும் இரண்டு வருடம் முடித்தவனுக்கு. எட்டு மாதத்தில் வந்தவனுக்கு மௌனம். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைச் சபையே இடையில் திருப்பி அழைத்தது. அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. வெளியூர் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே சமூகப் பணி செய்யலாம் என்று இப்போது வழி வைத்திருக்கிறார்கள். அது நல்ல மாற்றம். பதினெட்டு வயதில் ஒருவனை அந்நிய ஊருக்கு அனுப்புகிற சபை, அவன் முடியவில்லை என்று எழுதிய அன்றே டிக்கெட் எடுத்துக் கொடுக்க வேண்டும். காரணம் கேட்பதை ஊரார் நிறுத்த வேண்டும்.