நடுநிசித் தோசை

சென்ற மே மாதக் கடைசியில் ஒரு நாள், தெருக்கோடி டீக்கடையின் பாய்லர்கூடக் குளிர்ந்து கிடந்த பின்னிரவு இரண்டு மணிக்கு, நான்கு வயது நிரம்பிய என் பேத்தி கூடத்து விளக்கைப் போடச் சொல்லி, ஊஞ்சலில் சாவதானமாக ஏறி அமர்ந்து, "அம்மாச்சி, நெய் தோசை" என்று உத்தரவிட்டாள். அவள் குரலில் தூக்கத்தின் சாயல் கடுகளவும் இல்லை. பிள்ளைக்குப் பசி என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் கடிகாரத்தையும் பஞ்சாங்கத்தையும் ஒருங்கே மறந்துவிடும் சுபாவமுடைய என் மனைவி, அக்கணமே கல்லை அடுப்பில் ஏற்றினாள். ஒன்பது மாதப் பேரன் தவழ்ந்து வந்து எவர்சில்வர் தம்ளர் ஒன்றை உருட்டி விளையாடத் தொடங்கினான். இருவரையும் பெற்றவள் மட்டும், விழித்திருக்கிறாளா உறங்குகிறாளா என்று நிச்சயிக்க முடியாத ஸ்திதியில் சுவரோரம் சாய்ந்தபடி, "அப்பா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டாள்.

முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்தவன் நான். ஆயினும் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்தும் விசாரித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்குச் சான் பிரான்சிஸ்கோவில் உத்தியோகத்தை முடித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்ய இன்னும் இரண்டு மாதம் பிடிக்கும்; இங்கேயோ ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஆகவே, ஆறு வருஷம் வாழ்ந்த அந்த ஊரை விட்டு மதுரைக்கே வந்துவிடுவது என்று தீர்மானித்த என் மகள், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, துபாய் வழியே தன்னந்தனியாகப் புறப்பட்டு வந்தாள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய் வரை ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர். விமானத்தில் சுமார் 16 மணி நேரம். பூகோள உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால், இவ்விரண்டு ஊர்களும் ஏறத்தாழ நேரெதிரான தீர்க்கரேகைகளில் இருப்பது புலப்படும். ஆதலின் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் குறுக்குவழி வட துருவத்தை ஒட்டியே போகிறது. அந்தப் பிரதேசத்தில் மே மாதக் கடைசியில் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. "ஜன்னல் திரையை எப்பத் தூக்கினாலும் வெயில்தான் அப்பா" என்று மகள் சொன்னது வெறும் அலுப்பில் சொன்ன வார்த்தையன்று. பிற்பகலில் விமானம் ஏறிய அந்தக் குழந்தைகள், நடுவில் ஓர் இரவைக் காணாமலே மறுநாள் அந்தியில் துபாயில் இறங்கினார்கள்.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றை அழுத்தி நிரப்பி, 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள ஒரு மலையில் என்ன அழுத்தம் இருக்குமோ அதையே வைத்திருக்கிறார்கள். அதாவது, பிரயாணிகள் கிட்டத்தட்டக் கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிறார்கள்; குளிரும் ஏரியும்தான் இல்லை. காற்றின் ஈரப்பதமோ நூற்றுக்குப் பத்து இருபதுக்கு மேல் தேறாது; பாலைவனத்தின் வறட்சி அது. உதடு வெடிப்பதும், மூக்கு உலர்வதும், குழந்தை அடிக்கடி பாலுக்கு அழுவதும் இதனால்தான். அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் பெருகும் என்று 1662-ஆம் ஆண்டு ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி, உறை பிரிக்காத சிப்ஸ் பொட்டலத்துக்கும் பொருந்தும், பால் குடித்த குழந்தையின் வயிற்றுக்கும் பொருந்தும். அந்த உயரத்தில் அழுத்தம் முக்கால் பங்காகக் குறைவதால், வயிற்றிலிருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரிகிறது. ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் பேரனைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்த என் மகள், அம்மாச்சியின் கைவைத்தியத்தால் பாயிலின் விதிக்குப் பரிகாரம் தேடிக்கொண்டாள் என்று சொல்லலாம்.

கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதை மதுரைக்காரர்கள் எல்லோரும் அறிவோம். நடுச்செவிக்கும் தொண்டையின் மேற்பகுதிக்கும் இடையே ஒரு மெல்லிய குழல் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்று நிபுணர் யூஸ்டாக்கியின் பெயரால் அது வழங்குகிறது. மேலே ஏறும்போது நடுச்செவியின் காற்று இதன் வழியே தானாக வெளியேறிவிடும். கீழே இறங்கும்போதோ, வெளியிலிருந்து காற்று உள்ளே புகுவதற்கு அந்தக் குழல் திறந்தாக வேண்டும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் அது திறக்கும். குழந்தைகளுக்கு இந்தக் குழல் குறுகியதாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் எளிதில் அடைத்துக்கொள்கிறது. ஏன் வலிக்கிறது என்று அறியாத குழந்தை வீறிட்டு அழுகிறது. விமானம் இறங்கத் தொடங்கியதும் மகனைப் பாலுக்கு விட்டு, மகளிடம் தண்ணீரையும் உறிஞ்சுகுழலையும் கொடுத்து, "மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா" என்று சொல்லிக்கொண்டே வந்ததில், தரை தொடும்வரை இருவரும் அழவில்லையாம்.

விமானம் புறப்படுமுன் பணிப்பெண் கையை ஆட்டிக் காண்பிக்கும் பாடங்களில் ஒன்று என் மகளுக்கு எப்பொழுதும் சங்கடமாக இருக்குமாம்: பிராணவாயு முகமூடி கீழே தொங்கினால், முதலில் நீங்கள் அணிந்துகொண்டு, பிறகே குழந்தைக்கு அணிவியுங்கள் என்பது. தன் வாயைக் கட்டிப் பிள்ளைக்கு ஊட்டுவதே தாய்மை என்று கேட்டு வளர்ந்தவளுக்கு இது சுயநலமாகப் படுவது இயற்கையே. ஆனால் 35,000 அடி உயரத்தில் உள்ளழுத்தம் போய்விட்டால், ஒரு மனிதன் சுயநினைவோடு காரியம் செய்யக்கூடிய அவகாசம் அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரைதான். திமிறும் குழந்தைக்கு முகமூடி மாட்டுவதிலேயே அந்த அவகாசம் கழிந்துவிட்டால், தாயும் மயங்குவாள், இன்னொரு குழந்தைக்கு உதவ ஆளே இராது. தன்னைக் காத்துக்கொள்வது அங்கே பிள்ளையைக் காப்பதன் முதற்படி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் இறங்கிய பிறகும் இது தேவைப்படும்.

விமானம் இறங்கியதோடு பௌதிகம் முடிந்துவிட்டது; பிற்பாடு நடந்ததெல்லாம் ஜீவசாஸ்திரம்.

1729-ஆம் வருஷம், ழான் ழாக் தோர்து த மேரான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, பகலில் இலை விரித்து இரவில் மூடும் ஒரு செடியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். அது நம்மூர் வேலியோரத்தில் முளைக்கும் தொட்டாற்சிணுங்கியாகவே இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். வெயிலே படாதபோதும் அது தன் வேளை தவறாமல் இலைகளை விரித்தது, மூடியது. சூரியனைப் பார்க்காமலே பொழுதை அறியும் யந்திரம் ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அதுவே முதற்சான்று. அந்த யந்திரம் ஜீவ அணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு அதன் தலைமை நிலையம் மூளையின் அடிப்பாகத்தில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரளாக அமைந்திருக்கிறது. நாள்தோறும் அதைச் சரிப்படுத்துவது கண்ணில் விழும் வெளிச்சம்.

அந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிஷங்கள் கூடுதலானது. ஆகையால் அதைத் தாமதப்படுத்துவது எளிது. முன்னே தள்ளுவது கடினம். மேற்கே போகிறவர்களைவிடக் கிழக்கே போகிறவர்கள் அதிகம் அவதிப்படுவதன் காரணம் இதுவே. எப்படி ஆயினும், நாளொன்றுக்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணிக்கு மேல் அது நகர்வதில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கும் மதுரைக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். பகல் முழுமையாக இரவாகவும், இரவு முழுமையாகப் பகலாகவும் மாறியாக வேண்டும். மகளின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: ஏறக்குறைய எட்டு நாள் முதல் பன்னிரண்டு நாள்.

தோசையின் மர்மமும் இதில் அடக்கம். மூளையில் ஒரு கடிகாரம் இருப்பது போலவே ஈரலிலும் குடலிலும் தனித்தனிக் கடிகாரங்கள் இருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் காட்டிலும் உணவு வேளைக்கே அதிகம் கட்டுப்படுகின்றன. மதுரையில் பின்னிரவு இரண்டு மணி என்றால் சான் பிரான்சிஸ்கோவில் முந்திய பகல் ஒன்றரை மணி. மத்தியான சாப்பாட்டு வேளை. பேத்தியின் வயிறு பொய் சொல்லவில்லை. ஆனால் நடுநிசியில் பளிச்சென்று விளக்கைப் போட்டு, நெய் வார்த்துத் தோசையும் ஊட்டிய நாங்கள், "ஆம், இது பகல்தான்" என்று அவள் கண்ணுக்கும் வயிற்றுக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதைப் பற்றி விசாரிக்கப் போனபோதுதான், என் கேள்விக்கு மிகவும் நெருங்கிய ஆராய்ச்சிகள் எங்கள் ஊரிலேயே நடந்திருக்கின்றன என்பதை அறிந்து ஆச்சரியமும் கொஞ்சம் வெட்கமும் அடைந்தேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜீவகடிகார ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம் இட்டவர் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். அவரும் அவருடைய சகாக்களும் மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் அடைபட்ட ஒரு வௌவால், தன் கூட்டத்தார் அந்தியில் இரை தேடப் புறப்படுவதையும் திரும்புவதையும் கொண்டே பொழுதை அறிந்து, தன் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. கூட்டம் இல்லாத குகையில் தனியே விடப்பட்டதோ நாளுக்கு நாள் பொழுது பிசகியது. 1981-ல் வெளியான இந்த ஆராய்ச்சி, சுற்றத்தாரும் ஒரு சூரியனே என்பதைக் காட்டியது.

அதனினும் விசேஷமானது, அவரும் என். விஸ்வநாதனும் சேர்ந்து செய்து 1985-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி. நம் வயல்களில் வாழும் சுண்டெலியின் குட்டிகளை, இரவு பகல் வேறுபாடு தெரியாத சூழ்நிலையில் வைத்து, தாயை மட்டும் முறைப்படி குறித்த நேரம் உடன் விட்டும் குறித்த நேரம் பிரித்தும் வந்தார்கள். தாய் வருவதும் போவதுமே குட்டிகளுக்குப் பகலும் இரவும் ஆயின; அவற்றின் கடிகாரங்கள் தாயின் வருகையைப் பின்பற்றி ஓடத் தொடங்கின. எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதக் குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. எனினும், உறக்கத்துக்கு அறிகுறியாகச் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவு நேரத்துத் தாய்ப்பாலில் இருக்கிறது என்பதும், பகல் நேரத்துப் பாலில் அது அநேகமாக இல்லை என்பதும் நிரூபணமானவை. தாயின் கடிகாரம் குழம்பியிருக்கும்வரை, பாலோடு சேர்ந்து பிள்ளைக்குச் செல்லும் செய்தியும் குழப்பமானதாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் படித்த பிறகே எங்கள் தவறு எனக்குப் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. பிள்ளைகளை எப்படித் தூங்க வைப்பது என்று வீடு முழுவதும் கவலைப்பட்டதே தவிர, பதினாறு மணி நேரமும் அதற்கு மேலும் ஒரு குழந்தையை மடியிலும் மற்றொன்றைத் தோளிலும் தாங்கி வந்தவள் எப்பொழுது தூங்கினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்களை விசாரிக்கப் பகலெல்லாம் உறவினர் கூட்டம்; இரவெல்லாம் பிள்ளைகள். முகமூடியை முதலில் அணிய வேண்டியவள் யாரோ, அவளுக்கு நாங்கள் அதைக் கொடுக்கவே இல்லை.

அன்று முதல் சட்டங்கள் மாறின. இரவு ஒன்பது மணிக்கு மேல் கூடத்துக் குழல்விளக்குகள் எரியவில்லை. சுவாமி அலமாரிச் சிறுவிளக்கு மட்டும். நடுநிசியில் எழுந்தால் அரைத் தம்ளர் பால் உண்டு. தோசையும் கிடையாது, விளையாட்டும் கிடையாது. பாதி இரவு வரை என் மனைவியும், அதற்கு மேல் நானும் காவல். பேரன் பாலுக்கு அழுதாலொழிய மகளை எழுப்புவதில்லை. பகல் உறக்கம் ஒரு மணி நேரத்தோடு சரி. காலையிலும் மாலையிலும் பின்கட்டு வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு எல்லோரும் வெளியில் இருந்தோம். வீட்டு விளக்கின் ஒளி சில நூறு லக்ஸ் என்றால், திறந்தவெளி நிழலே பல ஆயிரம் லக்ஸ். நம் கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தோன்றாவிட்டாலும் மூளையின் கடிகாரத்துக்குத் தோன்றும். விசாரிக்க வருகிறவர்களை, ஒரு வாரம் கழித்து வரும்படி நானே வாசலில் நின்று கேட்டுக்கொண்டேன். ஒரு சித்தப்பாவுக்கு இன்னும் என்மேல் மனத்தாங்கல்.

ஐந்தாம் நாள் பேத்தி மூன்றரை மணிக்கு எழுந்தாள். எட்டாம் நாள் ஐந்து மணிக்கு. பேரன் அம்மா எழுந்தால் எழுந்தான், அம்மா உறங்கினால் உறங்கினான். மகள் ஏழாம் நாளே ஒழுங்குக்கு வந்துவிட்டபடியால் அவனும் வந்துவிட்டான். பதினோராம் நாள் இரவு மூவரும் பத்து மணிக்குப் படுத்து, வீடு முழுவதும் நிசப்தமாகிவிட்டது.

அன்று பின்னிரவு இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு விழித்தவன் நான் ஒருவன்தான். காவல் இருந்த பழக்கத்தில் கூடத்துக்கு வந்து பார்த்தேன். ஊஞ்சல் காலியாக இருந்தது. ஓர் ஆகாய விமானத்திலும் ஏறாமலே, குகையிலிருந்த வௌவாலைப் போலக் கூட்டத்தாரைப் பார்த்து நானும் பொழுது மாறியிருக்கிறேன் என்பது அப்பொழுதுதான் புரிந்தது. எனக்குக் கொஞ்சம் பசிக்கவும் செய்தது. ஆனால் சட்டம் போட்டவன் நானே ஆகையால், அரைத் தம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.